தேயாத பிரஷ்

ஞானசேகரனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். பால் பாக்கெட்டில் தேதியை எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவார். அஞ்சாவதோடு படிப்பு முடிந்த ஆள். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் டூல் ரூமில் நின்றவர். ஒரு சனிக்கிழமை, "சுவருக்குப் பெயிண்ட் அடிக்கணும், மிஷினையெல்லாம் கொஞ்சம் நகர்த்தப் போறோம்" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னான். திங்கட்கிழமை போனால் கேட்டில் பூட்டு. அதிலிருந்து, சிரித்துக்கொண்டே ஒருவன் ஒன்றைச் சொன்னால் அவர் தானே போய்ச் சரிபார்த்துவிட்டுத்தான் வருவார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஆள் ஒன்றே ஒன்று. பேத்தி வர்ஷா. வயது ஏழு.

பாரிவாக்கத்தில் மகன் விக்ரமின் ஃபிளாட்டில், மூன்றாவது மாடியில், அவர் வந்து சேர்ந்து நாலு வருஷமாகிறது. விக்ரமுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை. மருமகள் ஜெபா நாகர்கோவில் பக்கத்துப் பெண். போரூர் தாண்டி ஆபீஸ், ராத்திரி எட்டரைக்குத்தான் வருவாள். அந்த வீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மிஷினோ ஓர் ஆளோ இருந்தது. துணிக்கு மிஷின். தரையைத் துடைக்கத் தட்டு மாதிரி சுற்றி வருகிற மிஷின். பாத்திரத்துக்குப் பார்வதம். கிழவனுக்கென்று மிச்சமிருந்தது காலை ஆறே முக்காலுக்கு வர்ஷாவை வாஷ்பேசின் முன்னால் ஸ்டூலில் ஏற்றி நிறுத்திப் பல் தேய்க்க வைப்பது மட்டும்தான். பதினைந்து நிமிஷ வேலை. அதற்காக அவர் ஐந்தரைக்கே எழுந்து முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு காத்திருப்பார்.

அந்த வேலைக்குத்தான் வந்தது ஆபத்து.

வர்ஷாவுக்குக் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்தது. பூந்தமல்லி பல் டாக்டரம்மா அதை அடைத்துவிட்டு, "பாப்பா முன்னாடி நாலு பல்லைத்தான் தேய்க்குது, பின்னாடி பிரஷ்ஷே போறதில்ல" என்றார். மறுநாளே ஜெபா ஆன்லைனில் எலக்ட்ரிக் பிரஷ் வரவழைத்துவிட்டாள். வெள்ளை உடம்பு, முயல் படம், நுனியில் பொத்தான் அளவுக்கு ஒரு தலை. ஞானசேகரன் அதை ஓடவிட்டுத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். நகம் கிடுகிடுவென்று அதிர்ந்தது.

"இன்னாம்மா இது, வாய்க்குள்ள மோட்டாரா?"

"சின்ன மோட்டார்தான் மாமா."

"சின்ன மோட்டாரும் மோட்டார்தாம்மா. கைக்கு எங்க பல்லு, எங்க ஈறுன்னு தெரியும். மோட்டாருக்கு இன்னா தெரியும்? சுத்துன்னா சுத்தும்."

"முப்பது செகண்டுக்கு ஒரு தடவை அதுவே சத்தம் குடுக்கும் மாமா, பக்கத்தை மாத்துன்னு. ரெண்டு நிமிஷம் ஆனா அதுவே நின்னுடும். யாரும் கூட நின்னு எண்ணிட்டிருக்க வேண்டாம்."

கடைசியில் சொன்னதுதான் அவரைக் குத்தியது. அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும்.

பஞ்சாயத்து டாக்டரம்மாவிடமே போனது. அடைத்த பல்லைக் காட்டப் போன அன்று கிழவரும் கூடவே கிளம்பிவிட்டார்.

"நீயே சொல்லும்மா. கையா, மிஷினா?"

டாக்டரம்மா சின்னப் பெண். இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. "எலக்ட்ரிக்ல கொஞ்சம் சுலபமா அழுக்கு போகும் தாத்தா. கையால ஒழுங்கா தேய்ச்சாலும் போதும். எதுல தேய்ச்சாலும் ரெண்டு வேளை, ரெண்டு நிமிஷம். இந்த வயசுல பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்."

"கேட்டியா?" என்று மருமகளைப் பார்த்தார். "பெரியவங்க ஒர்த்தர் நிக்கணுமாம். நிக்கிறதுக்கு நான் கீறேன்."

அங்கேயே பேசி முடிவானது. மூன்று மாசம். காலையும் ராத்திரியும் கை பிரஷ் மட்டும். எலக்ட்ரிக்கைத் தொடக்கூடாது. மூன்று மாசம் கழித்து டாக்டரம்மா வர்ஷாவுக்கு ஒரு மாத்திரை கொடுப்பார். அதைக் கடித்து மென்று கொப்பளித்தால் அழுக்கு நிற்கிற இடமெல்லாம் ரோஸ் கலரில் காட்டிக் கொடுக்கும். ரோஸ் நிறைய இருந்தால் மிஷின். இல்லாவிட்டால் கை பிரஷ்ஷும் ஞானசேகரனும்.

"நீங்க சொன்னா சரி மாமா" என்றாள் ஜெபா.

"அப்பா, நீங்க ஒரு முடிவோட இருக்கீங்க போல" என்று விக்ரம் சிரித்தான்.

காரியத்தில் இறங்கினால் கிழவர் கெட்டி. ஈரம் காயாத பிரஷ்ஷை மறுபடி வாயில் வைக்கக்கூடாது என்பது அவர் சட்டம். அதனால் இரண்டு பிரஷ் வாங்கினார், ஒரே கம்பெனி, ஒரே அளவு. மஞ்சள் காலைக்கு, அவர் பக்கத்து வாஷ்பேசினில். நீலம் ராத்திரிக்கு, மகன் அறைக்குள் இருக்கும் பாத்ரூமில். அவர் எட்டு மணிக்கே மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறவர், ஜெபா வந்த பிறகுதான் வர்ஷா சாப்பிடுவாள். ராத்திரிப் பொறுப்பு அவர்களுடையது.

ஒரு மூலைக்கு முப்பது, நாலு மூலைக்கு நூற்றிருபது. அவர் எண்ண, அவள் தேய்ப்பாள். பதினைந்தில் நிறுத்தி, "உள்பக்கம் திருப்பு" என்பார். வாயில் நுரையோடு அவள் ஏதோ சொல்வாள். அவர் எண்ணிக்கையை விடமாட்டார். முடிந்ததும் தினமும் ஒரு கேள்வி.

"நைட்டு எவ்ளோ?"

"நூத்திருபது தாத்தா."

"உள்பக்கம்?"

"உள்பக்கமும்தான். ஒரு நாள் தூக்கம் வந்துச்சு, இருந்தாலும் முடிச்சிட்டுத்தான் தூங்கினேன்."

"அதாண்டி என் கண்ணு."

மூன்று மாசம், ஒரு காலை தவறவில்லை. விக்ரமின் மாமனார் ஊருக்குக் குடும்பமாகப் போனபோதும் மஞ்சள் பிரஷ்ஷைப் பையில் போட்டுக் கூடவே போனார். சம்பந்தி வீட்டுக் கிணற்றடியில் நின்று நூற்றிருபது எண்ணியதை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது.

நாள் வந்தது. வர்ஷா மாத்திரையை மென்று, கொப்பளித்து, வாயைத் திறந்தாள். டாக்டரம்மா விளக்கை இழுத்துப் பார்த்தார். கீழ் முன்பல்லுக்குப் பின்னால் ஒரு கோடு ரோஸ். அவ்வளவுதான்.

"ரொம்ப நல்லா இருக்கே! என்ன பண்ணீங்க?"

"கைம்மா, கை" என்று ஞானசேகரன் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"மாமா ஜெயிச்சுட்டாங்க" என்றாள் ஜெபா. விக்ரம் தாத்தா, பேத்தி, டாக்டரம்மா மூவரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தான். டாக்டரம்மா, "பிரஷ் மூணு மாசம் ஆயிடுச்சுன்னா மாத்திடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே அவர் பூந்தமல்லி போய்விட்டார். மெட்ரோ தூணுக்கு எதிரே பக்கீர் முகமதுவின் பேன்சி ஸ்டோர். வளையல், ஹேர்பேண்ட், சோப்பு டப்பா. எஸ்டேட் காலத்தில் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்ததில் ஏற்பட்ட சிநேகம். பக்கீரின் பேத்தி சைமாவுக்கும் பல்லில் தொந்தரவு. அவர்கள் வீட்டிலும் எலக்ட்ரிக் பிரஷ் வந்து பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

"மாத்திரை போட்டு பாத்தாச்சு பாய். டாக்டரே அசந்துட்டாங்கோ. அத திருப்பி அனுப்பு."

"நெஜமாவா அண்ணாத்தே?"

"என் வாயால பொய் வருமா?"

பக்கீர் அங்கேயே போனை எடுத்து மனைவியிடம் பேசினார். "வஹீதா, அந்த மிஷின் பிரஷ்ஷ ரிட்டன் பண்ணச் சொல்டு. நம்ம ஞானசேகரன் ஊட்ல டெஸ்ட்டே பண்ணிட்டாங்கோ."

ஒரு வாரம் கிழவர் தரையில் கால் பாவாமல் நடந்தார். லிஃப்ட்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் பல்லைப் பற்றிப் பேசினார்.

பிரஷ் மாற்றுவதற்குப் புதுசு இரண்டு வாங்கி வைத்திருந்தார். ஒரு புதன்கிழமை மத்தியானம், வர்ஷா பள்ளியில், ஜெபா ஆபீஸில், விக்ரம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். பழைய மஞ்சளை எடுத்துக்கொண்டு, நீலத்தையும் எடுக்க மகன் அறைப் பாத்ரூமுக்குப் போனார்.

நீலத்தைக் கையில் எடுத்தவுடன் விரல் நின்றுவிட்டது.

முப்பத்தோரு வருஷம் அவர் செய்த வேலையே அதுதான். டூல் ரூம் ஜன்னல் வழியாக, வேலை முடிந்து திரும்பி வரும் டிரில்லை வாங்குவார், விரலால் தடவுவார், "இது இன்னிக்கு நூறு ஓட்டை போட்டுகீது, சாணைக்குப் போவட்டும்" என்பார். ரிஜிஸ்டரில் என்ன எழுதியிருந்தாலும் அவருக்குத் தேய்மானம்தான் பேசும். மஞ்சள் பிரஷ்ஷின் குச்சம் இரண்டு பக்கமும் விரிந்து, நடுவில் பள்ளம் விழுந்து, பிடியில் இருந்த எழுத்தெல்லாம் வர்ஷாவின் கட்டைவிரல் பட்டு அழிந்து போயிருந்தது. நீலத்தில் ஒரு மயிர்கூட வளையவில்லை. எழுத்து பளிச்சென்று இருந்தது. அடியில் கை வைத்தால் பேஸ்ட் காய்ந்த பொறுக்குகூடத் தட்டவில்லை. தண்ணீர் பட்டிருக்கிறது, பல் பட்டதில்லை. ஒரு வாரம்கூட.

அவர் மேலே இருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்தார். சார்ஜரில் முயல் படம் போட்ட வெள்ளை உடம்பு நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. தலையைத் தொட்டுப் பார்த்தார். ஓரத்துக் குச்சமெல்லாம் நிறம் வெளுத்து, வெளியே மடிந்து கிடந்தது. எத்தனை நாள் ஓடியது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாசம். முதல் வாரத்திலிருந்தே.

வெளியே ஹாலில் விக்ரம், "ஆமா ஆமா, நோ இஷ்யூஸ்" என்று சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

மூன்றரைக்கு வேன் வந்தது. வர்ஷா ஷூவைக் கழற்றி உதறினாள். கிழவர் பாலை ஆற்றிக் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடிக்கும்வரை பொறுத்தார்.

"கண்ணு, நேத்து நைட்டு எதுல தேய்ச்ச?"

"நீல பிரஷ்ல."

"எவ்ளோ?"

"நூத்திருபது தாத்தா."

கண் இமைக்கவில்லை. குரல் பிசிறவில்லை. காலையில் சொல்கிற அதே நூற்றிருபது. அவர் சட்டைப் பையிலிருந்து நீல பிரஷ்ஷை எடுத்து அவள் டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

வர்ஷா பிரஷ்ஷைப் பார்த்தாள். மீசையாகப் பால் ஒட்டியிருந்த வாய் கோணியது.

"அம்மா சொல்லாதேன்னாங்க."

"உம்."

"சொன்னா தாத்தா அழுவாருன்னு அப்பா சொன்னாரு."

கிழவர் எழுந்தார். "பால குடி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். லிஃப்ட்டுக்கு நிற்கவில்லை. மூன்று மாடியும் படியில் இறங்கினார்.

ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. பக்கீரிடம் சொல்லாமல் விட்டால் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது? கையால் ஒழுங்காகத் தேய்த்தாலே போதும் என்று டாக்டரே சொன்னதுதானே? யோசனை வந்த மாத்திரத்தில் அவருக்கே அருவருப்பாகிவிட்டது. இதைத்தானே அந்த மூன்று பேரும் செய்தார்கள்.

பக்கீர் கடையில் கூட்டமில்லை. கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். பக்கீர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அடப்பாவி. போன வாரம்தான அத்த ரிட்டன் பண்ணோம்? வஹீதா என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவாளே."

"அதுக்குத்தான் வந்தேன். என் பேச்ச கேட்டு பண்ண. என் பேச்சு தப்பு. நீ ஊட்ல சொல்டு."

பக்கீர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சரி வுடு அண்ணாத்தே. இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வச்சிகினுகீற? புள்ள பல்லு நல்லாகீதா, இல்லியா?"

"நல்லாகீது."

"அப்பால இன்னா? நல்லதுக்குத்தான பண்ணாங்கோ? காலைல நீயி, நைட்டு மிஷினு. ரெண்டும் சேந்து தேய்ச்சுது. பாதி ஜெயிப்பு உன்னுதுதான்."

"பாதியா? யார் கண்டா? முழுசும் என் கையா இருக்கும். முழுசும் மோட்டாரா இருக்கும். நான் தோத்திருந்தா, 'சரிம்மா, மிஷினையே வச்சிக்கோ'ன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன் பாய். எத்தினி தடவ தோத்தவன் நான். ஜெயிச்சேனா தோத்தேனான்னே தெரியாம பண்ணிட்டாங்களே. நான் நின்னது, எண்ணுனது, சம்பந்தி ஊட்டுக் கிணத்தாண்ட போயி மானங்கெட்டது, அல்லாத்தையும் ஒண்ணுமில்லாம பண்ணிட்டாங்கோ. சொம்மா பொம்மக் கல்யாணம் மாரி."

பக்கீர் எதிர்க் கடைக்குக் கை காட்டி டீ சொன்னார். கிழவர் குடிக்காமல் எழுந்து போனார்.

அவர் வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஏழு. ஜெபா சீக்கிரமே வந்திருந்தாள். விக்ரம் போன் செய்திருப்பான். நீல பிரஷ் சாப்பாட்டு மேசை மேல் அப்படியே கிடந்தது. வர்ஷாவை உள்ளே அனுப்பியிருந்தார்கள்.

"அப்பா, உட்காருங்க."

"நின்னுதான் பழக்கம். சொல்லு."

"குழந்தை பல்லுக்காகத்தானே..."

"பல்லுக்காகன்னா என்னாண்ட சொல்ட்டு செய்யணும்."

ஜெபா முன்னால் வந்தாள். அவள் சிரிக்கவில்லை. "என் தப்புதான் மாமா. முதல் வாரமே பார்த்தேன். ராத்திரி தூக்கக் கலக்கத்துல கை பிரஷ்ஷை வாயிலேயே வெச்சுக்கிட்டு நிக்கா. மறுபடி ஓட்டை விழுந்திருமோன்னு பயந்துட்டேன். மிஷின்னா அதுவா ஓடுது. உங்ககிட்ட சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க."

"கத்தியிருப்பேன். கத்திட்டு, நானே ஒம்போது மணி வரிக்கும் முழிச்சினு இருந்து நின்னுருப்பேன். கேட்டியா நீ?"

ஜெபா மேசையில் கிடந்த நீல பிரஷ்ஷைப் பார்த்தாள்.

"சரி. டாக்டராண்ட, 'மாமா ஜெயிச்சுட்டாங்க'ன்னு எதுக்கு சொன்ன?"

விக்ரம்தான் பதில் சொன்னான். "உங்களுக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னுதாம்ப்பா."

"சந்தோஷம் நான் கேட்டனா? நான் கேட்டது பல்லு. ஊருக்கெல்லாம் சொல்லினு திரிஞ்சனே, லிஃப்ட்டுல போறவன் வர்றவனெல்லாம் புடிச்சி, அப்ப நீங்க உள்ள உக்காந்துகினு இன்னா பண்ணீங்கோ? சிரிச்சீங்களா?"

"ஐயோ, அப்படி இல்லப்பா."

"அத்தவுடு. நீங்க எதனா பண்ணிட்டுப் போங்க. பெரியவங்கோ. அந்தப் புள்ள தெனம் காலைல என் மூஞ்சிய பாத்து நூத்திருபதுன்னுச்சே. ஒரு நாளு தூக்கம் வந்துச்சு, இருந்தாலும் முடிச்சேன்னுச்சே. அத்த யாருடா சொல்லிக் குடுத்தது? நீயா, உன் பொண்டாட்டியா?"

விக்ரமும் ஜெபாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க, 'தாத்தா கேட்டா தேய்ச்சேன்னு சொல்லு'ன்னு மட்டும்தாம்ப்பா சொன்னோம்" என்றான் விக்ரம். "நூத்திருபதெல்லாம்... அது அவளா சொன்னது."

கிழவர் வர்ஷா இருந்த அறையின் கதவைப் பார்த்தார்.

"மறுபடி மூணு மாசம் வைப்போம் மாமா" என்றாள் ஜெபா. "இந்தத் தடவை நீங்களே ரெண்டு வேளையும் நில்லுங்க. நான் அந்த மிஷினை எடுத்து உள்ளே வெச்சுடறேன்."

"வேணாம். காலைலயும் மிஷினே ஓடட்டும். அதுவே எண்ணிக்கும், அதுவே நின்னுக்கும்னு சொன்னியே. ஆளு எதுக்கு?"

சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்ப் படுத்தார்.

காலையில் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. சட்டையும் மாட்டவில்லை. கட்டிலிலேயே சுவரைப் பார்த்துச் சாய்ந்துகொண்டார். ஆறே முக்காலுக்கு ஸ்டூலை இழுக்கும் சத்தம். அப்புறம் அந்த மோட்டார். வண்டு சுற்றுகிற மாதிரி ஒரே சீராக ஓடியது, ஒரு தரம் விக்கியது, மறுபடி ஓடியது. கேட்கக்கூடாது என்றுதான் இருந்தார். காது கேட்டது. நாலாவது தரம் விக்கிவிட்டு நின்றுபோனது.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. யூனிஃபார்மில் வர்ஷா. தாடையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தாத்தா, ரெண்டு நிமிஷமும் தேய்ச்சேன். உள்பக்கமும்."

அவர் திரும்பிப் பார்த்தார். மோட்டார் ரெண்டு நிமிஷம் ஓடியது வாஸ்தவம். வாய்க்குள் ஓடியதா, வாஷ்பேசின் மேல் பிடித்துக்கொண்டு நின்றாளா? அவள் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை.

"நெஜமா தாத்தா."

நாலு வருஷத்தில் அவள் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அதற்குத் தேவை இருந்ததில்லை.

"சரி" என்றார் ஞானசேகரன். "பேக்க எடு. வேன் வந்துடும்."